வீடியோ இறுவட்டும் நியமங்களின் ஆதிக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புக்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எனினும், ஒரு கருவி எவரது கையில் எத்தகைய நிபந்தனைகளுடன் வந்து சேர்ந்தது என்பதே சமூக வரலாற்று நோக்கில் முதன்மை பெறும் வினாவாகும். கணினியிலுள்ள வீடியோக் கோப்பினை இறுவட்டிற் பொறித்து, தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைந்த பிளேயரில் இயக்கிப் பார்த்த வழக்கம் இவ்வினாவுக்குத் தக்க சான்றாக அமைகின்றது.

இவ்வாறு பொறித்தலை 'எரித்தல்' என வழங்குவதற்குக் காரணமுண்டு. தொழிற்சாலை வட்டில் தரவுகள் நுண்ணிய குழிகளாக அச்சிலிருந்து அழுத்தப்படுகின்றன. ஒருமுறை எழுதத்தக்க வெற்று வட்டிலோ சாயப்படையொன்று உண்டு. லேசர் ஒளியின் வெப்பம் அதனை ஆங்காங்கே மாற்றி, குழிகளுக்கு ஒப்பான தடங்களை ஏற்படுத்துகின்றது. ஆயினும் கோப்பினை அவ்வாறே வட்டில் ஏற்றிவிடின் தொடக்ககாலப் பிளேயர் அதனை இயக்காது. கணினிக்குப் புதிய மென்பொருளை வழங்கலாம். பிளேயரின் சில்லு தனக்கு விதிக்கப்பட்ட சில வடிவங்களை மட்டுமே அறியும்.

அவ்வடிவங்களுள் ஆசியாவில் முதலிற் பரவியது வீடியோ சீ.டி. ஆகும். பிலிப்ஸ், சொனி, மற்சுஷிற்றா, ஜே.வி.சி. ஆகிய கம்பனிகள் 1993இல் அதன் நியமத்தை வகுத்தன. எம்பெக்-1 முறையிற் சுருக்கப்பட்ட 74 நிமிடப் படத்தை ஓர் இறுவட்டுக் கொண்டது. அவ்வாண்டிலேயே சீனாவின் அன்ஹுய் மாகாணத்து வான்யன் நிறுவனம் அதற்கான பிளேயரை உருவாக்கியது. வீ.எச்.எஸ். நாடா வேரூன்றியிருந்த மேற்குலகில் இவ்வட்டுப் பெருவரவேற்பைப் பெறவில்லை. ஆசியாவிலோ மலிவு காரணமாக இல்லங்களுள் நுழைந்தது. தமிழ்த் திரைப்படமொன்று இரண்டு அல்லது மூன்று வட்டுக்களாகப் பிரிந்து வந்தமை இதன் விளைவே.

இரு முகாம்களாகப் பிரிந்திருந்த கம்பனிகள் 1995இல் உடன்பட்டதன் பேறாக, 1996இல் டி.வி.டி. யப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் ஒற்றைப் படை 4.7 கிகாபைற்று அளவினது. உலகம் ஆறு விற்பனை வலயங்களாக வகுக்கப்பட்டது. இந்திய உபகண்டம் ஐந்தாவது வலயத்துள் அடங்கிற்று. டி.வி.டி.க்கு மாற்றாகச் சீனா 1998இல் சுப்பர் வீடியோ சீ.டி. எனும் நியமத்தை முன்வைத்தமை இங்கு குறிப்பிடத்தக்கது.

வீட்டிற் பொறிக்கப்பட்ட டி.வி.டி. பொதுவாக வலயத் தடைக்கு உட்படவில்லை. எனினும் நியமத்துக்கு அது பணியவே வேண்டியிருந்தது. கோப்பினை எம்பெக்-2 வடிவத்துக்கு மாற்றுதல், விதிக்கப்பட்ட பெயர்களில் கோப்புறைகளை அமைத்தல், பொறித்த பின் வட்டினை இறுதியாக்குதல் என்பன இன்றியமையாப் படிகளாயின. 2001இல் அப்பிள் கம்பனி பொறிக்குங் கருவியையும் அதற்கான எளிய மென்பொருளையும் ஒரே கணினியில் வழங்கியபோது இப்பணி சாதாரண மனிதனுக்கும் கைகூடலாயிற்று.

இதன் சமூகப் பெறுமானம் புலம்பெயர்வுச் சூழலிலேயே தெளிவாகப் புலப்படுகின்றது. யாழ்ப்பாணத்துத் திருமண வீடும் அந்தியேட்டியும் வட்டுக்களாகிக் கடல் கடந்தன. இலங்கையில் வழங்கிய பால் முறையிற் பொறிக்கப்பட்டவற்றை, என்.ரி.எஸ்.சி. முறை நிலவிய கனடாவிலுள்ள பல பிளேயர்கள் ஏற்கவில்லை. தாயின் இறுதிக் கிரியைகளைக் காணவியலாது போன மகனுக்கு, அவற்றின் பதிவும் திரையில் தோன்ற மறுக்கக்கூடும் என்பதே நியமத்தின் ஆதிக்கம் மனித வாழ்விற் கொண்ட பொருளாகும்.

காலப்போக்கில் எம்பெக்-4 கோப்புக்களையும் யூ.எஸ்.பி. நினைவகத்தையும் நேரடியாக ஏற்கும் பிளேயர்கள் தோன்றின. பொறித்தலின் தேவை குன்றிற்று. 2025இல் சொனி கம்பனி பதிவு செய்யத்தக்க புளூறே வட்டுக்களின் உற்பத்தியை நிறுத்தியது. பொறித்த வட்டின் சாயப்படையோ ஒளியாலும் வெப்பத்தாலும் சிதையக்கூடியது. வட்டு எஞ்சினும் பிளேயர் எஞ்சுமென்பதற்கு உறுதியில்லை. நியமங்களை வகுத்தோர் அவற்றைக் கைவிட்டு முன்செல்ல, அவற்றை நம்பித் தம் நினைவுகளை ஒப்படைத்தோரே இழப்பைச் சுமக்கின்றனர். ஆதலின், வீடுகளில் உறங்கும் இவ்வட்டுக்களைக் குடும்ப உடைமைகளாக மட்டுமன்றி ஒரு சமூகத்தின் வரலாற்று ஆவணங்களாகவுங் கருதி, அவற்றின் உள்ளடக்கத்தைக் காலந்தாழ்த்தாது புதிய ஊடகங்களுக்கு மாற்றிப் பேணுதல் நம் தலைமுறையின் கடனாகும்.