எல். எஸ். லௌரி: வாடகை வசூலுக்குப் போன ஓவியர்

ஓவியர்களைப் பற்றிக் குறிப்பு எடுக்கும்போது, அவங்க சாப்பாட்டுக்கு என்ன செய்தாங்க என்பதையும் ஓரத்தில் எழுதி வைப்பது என் பழக்கம். ஆதரித்த பணக்காரர், ஆசிரியர் வேலை, மனைவி வீட்டுச் சொத்து, இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். லாரன்ஸ் ஸ்டீபன் லௌரியின் பெயருக்கு எதிரே நான் எழுதியிருப்பது: 'வாடகை வசூல், 42 வருடம்.'

இங்கிலாந்தின் வடக்கே, பஞ்சாலை நகரங்களை லௌரி மாதிரி வரைந்தவர் வேறு யாரும் இல்லை. புகைபோக்கிகள், வரிசை வீடுகள், வேலைக்கு விரையும் தீக்குச்சி மனிதர்கள். ஒரு படத்தைப் பார்த்தால் போதும், அடுத்ததைப் பெயர் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஆனால் அவர் மான்செஸ்டரில் பால் மால் பிராப்பர்ட்டி என்ற நிறுவனத்தில் 1910 முதல் 1952 வரை முழுநேர ஊழியராக இருந்தார் என்பது அவர் இறந்த பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிய வந்தது. வீடு வீடாகப் போய் வாடகை வாங்கியவர், கடைசியில் தலைமைக் காசாளராகி, ஓய்வூதியத்தோடு வெளியே வந்தார். பேட்டி எடுக்க வந்தவர்களிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஏன் மறைத்தார்? அதற்கு முன்னால் இன்னொரு கட்டுக்கதையைப் பார்த்துவிடலாம். லௌரி தானாகவே வரையக் கற்றுக்கொண்ட வெகுளி என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அது தப்பு. 1905-லேயே மான்செஸ்டர் கலைப் பள்ளியின் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டார். பிரெஞ்சு ஓவியர் அடால்ஃப் வலெட் அங்கே அவருக்கு ஆசிரியர். 1915-இல் சால்ஃபோர்டு கலைப் பள்ளிக்கு மாறி, 1920-களிலும் போய்க்கொண்டிருந்தார். பகலெல்லாம் அலுவலகம், சாயங்காலம் வகுப்பு. கணக்குப் போட்டால் ஏறக்குறைய இருபது வருடப் படிப்பு! முழுநேர மாணவர்களில்கூட இவ்வளவு காலம் படித்தவர்கள் குறைவு.

சால்ஃபோர்டில் பெர்னார்ட் டெய்லர் என்ற ஆசிரியர், படங்கள் ரொம்ப இருட்டாக இருக்கின்றன என்று குறை சொன்னார். லௌரிக்குக் கோபம் வந்தது. ஆனால் சொன்னதைச் செய்து பார்த்தார். பலகை முழுவதும் வெள்ளை பூசி, அதன்மேல் ஆட்களை நிறுத்தினார். இன்றைக்கு நமக்குத் தெரிந்த லௌரி பிறந்தது அங்கேதான். கறுப்பு, வெர்மிலியன் சிவப்பு, பிரஷ்யன் நீலம், மஞ்சள் காவி, வெள்ளை. வாழ்நாள் முழுக்க இந்த ஐந்து நிறங்களே போதுமென்று இருந்தார். அவருடைய மனிதர்களுக்குப் பெரும்பாலும் நிழல் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? அதுவும் தெரியாமல் விட்டதல்ல, தெரிந்தே விட்டது.

இப்போது வேலைக்கு வருவோம். 'ஞாயிற்றுக்கிழமை ஓவியர்' என்று ஒரு வசைச்சொல் உண்டு. ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காக வரைபவர் என்று பொருள். வாடகை வாங்கும் குமாஸ்தா என்று தெரிந்தால் லண்டன் விமர்சகர்கள் அந்தப் பெயரைத்தான் ஒட்டுவார்கள் என்று லௌரி பயந்தார். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் என் கணிப்பு என்னவென்றால், அவர் மறைத்து வைத்த அந்த வேலைதான் அவருக்குக் கண்ணைக் கொடுத்தது. வாடகைக்காரர் தெருவுக்குள் வருவார், ஒவ்வொரு கதவையும் தட்டுவார், ஆனால் தெருவைச் சேர்ந்தவர் ஆகமாட்டார். 1935-இல் வரைந்த 'காய்ச்சல் வண்டி' படத்தைப் பாருங்கள். தொற்றுநோய் கண்டவரை அழைத்துப் போக ஒரு வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது. அக்கம்பக்கம் கூடிவிட்டது. நோயாளியை நமக்குக் காட்டவில்லை. கொஞ்சம் தள்ளி, தெருக்கோடியில் நின்று பார்க்கிற ஆளின் பார்வை அது. அந்தத் தூரத்தை எந்தக் கலைப் பள்ளியிலும் கற்றுக்கொள்ள முடியாது.

வீட்டுக்குள்ளே நிலைமை வேறு. அம்மா எலிசபெத் நன்றாகப் பியானோ வாசிப்பவர், கௌரவத்தைப் பெரிதாக நினைப்பவர். பணமுடையால் 1909-இல் குடும்பம் பசுமையான விக்டோரியா பார்க்கை விட்டு, ஆலைகள் சூழ்ந்த பென்டில்பரிக்குக் குடிபோக வேண்டி வந்தது. அம்மாவுக்கு அந்த ஊர் கடைசிவரை பிடிக்கவில்லை. மகனுக்கும் முதலில் பிடிக்கவில்லை. போகப் போக அதுவே அவருடைய உலகமாகிவிட்டது. அம்மா வெறுத்த தெருக்களைத்தான் மகன் வரைந்துகொண்டிருந்தார்.

1932-இல் அப்பா கடனை வைத்துவிட்டுப் போனார். அம்மா படுத்த படுக்கையானார். வேலை முடிந்து வந்து அம்மாவைக் கவனித்து, அவர் தூங்கிய பிறகு நள்ளிரவு தாண்டியும் வரைவார். அந்த வருடங்களின் களைப்பு 1938-இல் வரைந்த 'சிவந்த கண்களுடைய மனிதன்' படத்தில் அப்படியே இருக்கிறது.

1939 ஜனவரியில் லண்டன் லெஃபெவர் கேலரியில் முதல் தனிக் கண்காட்சி. டேட் கேலரி ஒரு படத்தை வாங்கியது. அப்போது அவருக்கு 51 வயது. அதே வருடம் அக்டோபரில் அம்மா இறந்துபோனார்.

பிறகு எல்லாமே வந்தது. 1962-இல் ராயல் அகாடமியின் முழு உறுப்பினரானார். 1955-இலிருந்து 1976 வரை ஐந்து முறை அரச விருதுகள் தேடி வந்தன. அதில் 1968-இல் வந்தது 'சர்' பட்டம். ஐந்தையும் வேண்டாம் என்றார். அம்மா போன பிறகு இதெல்லாம் எதற்கு என்பதுதான் அவருடைய பதில். பலர் இதை அடக்கம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரிடம் காட்ட வேண்டுமோ அவர் இல்லாதபோது பதக்கத்தை வாங்கி எங்கே வைப்பது?

1976 பிப்ரவரியில் லௌரி காலமானார். அந்த வருடமே ராயல் அகாடமி அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. கால்பந்தாட்டம் பார்க்கப் போகும் கூட்டத்தை அவர் 1953-இல் வரைந்த படம், 2022-இல் 78 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. ஓர் அறக்கட்டளையின் நன்கொடையால் அதை வாங்கியது, சால்ஃபோர்டில் அவர் பெயரிலேயே இருக்கும் கலையரங்கம். தனியார் வீட்டுச் சுவருக்குப் போகாமல், அவர் நடந்த ஊரிலேயே தங்கிவிட்டது.

அந்தப் படம் கண்ணில் பட்டால், கூட்டத்தை எண்ணுவதற்கு முன் அந்த வெள்ளையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டிய ஒருவர் பூசப் பழகிய வெள்ளை அது.