ஏரியூருக்குப் போகும் ஒரு எச்சரிக்கை

கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி மதகைத் திறந்தால், பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் கணக்கில் நீர்வரத்து ஏறும். ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்துவார்கள். அதற்கும் கீழே, ஏரியூர்ப் பக்கம் நாகமரையிலும் ஒட்டனூரிலும் அக்கரைக்குப் போக நிற்பவர்களுக்கும் வலை போட்டிருப்பவர்களுக்கும் சேதி எட்ட வேண்டும். 2024 ஜூலைக் கடைசியில் மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது அப்படி வந்த தண்ணீரில்தான்.

எஸ்எம்எஸ்ஸாகப் புறப்படும் சேதிக்கு இருப்பது 140 பைட். ஆங்கிலம் என்றால் 160 எழுத்து கொள்ளும். தமிழ் பெரும்பாலும் யூனிகோடில் போவதால் 70 இடம்தான். ‘வெள்ளம்’ நமக்கு நாலெழுத்து. அங்கே கொம்புக்கும் புள்ளிக்கும் தனி இடம் போய் ஏழாகிவிடும். ‘கரையோர மக்கள் மேடான இடத்துக்குச் செல்லவும்’ என்பதற்கே 42 தீர்ந்தது. ஊரும் நேரமும் சேர்த்தால் சேதி இரண்டு துண்டாகி, போனில் போய்த்தான் ஒட்டிக்கொள்ளும்.

நேராகவும் போகாது. செல்போன் நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையம் அதை வாங்கி வைத்துக்கொண்டு, இந்த எண் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சந்தாதாரர் பதிவேட்டைக் கேட்கும். போன் அணைந்திருந்தால், சேதி காத்திருப்பதைப் பதிவேடு குறித்துக்கொள்ளும். சிக்னல் திரும்பியதும் மையத்துக்குச் சொல்லும். முன்னுரிமைக் குறி போட்ட சேதி மட்டும் ‘ஆள் இல்லை’ என்று பதிவாகியிருந்தாலும் ஒருமுறை போய்ப் பார்க்கும். வெள்ள எச்சரிக்கைக்கு அந்தக் குறி கட்டாயம் வேண்டும்.

ஆயுள் அதைவிட முக்கியம். விதிப்படி ஒரு எஸ்எம்எஸ்ஸை 63 வாரம் வரை வைத்திருக்கலாம். வங்கிக் கணக்கு விவரம் மறுநாள் வந்தால் நஷ்டமில்லை. வடிந்த பிறகு வந்து சேரும் வெள்ளச் சேதியோ, அடுத்த எச்சரிக்கையையும் யாரும் நம்பாதபடி செய்துவிடும். சில மணி நேரத்துக்கு மேல் அதை உயிரோடு வைத்திருக்கக் கூடாது.

2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் பல போன்கள் ஒரே நேரத்தில் அலறினவே, அந்தச் சோதனை வேறு வழி. செல் ஒலிபரப்பில் எண் தேவையில்லை. டவரின் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனுக்கும் ஒரே வீச்சு, நெரிசலில் சிக்காது. ஆளுக்கொன்றாகச் சேமிப்பதுமில்லை. டவர் திரும்பத் திரும்பச் சொல்லும். தாமதமாக எல்லைக்குள் வந்தவருக்கும் கேட்கும், ஏற்கெனவே வாங்கிய போன் மறுபடி அலறாது.

நீர்வரத்து குறைந்து எச்சரிக்கையை விலக்கினால் டவர் ஓய்ந்துவிடும். மையத்தில் காத்திருக்கும் எஸ்எம்எஸ்களையும் அதே நேரத்தில் ரத்து செய்ய வேண்டும். அதற்கான கட்டளையும் இருக்கிறது.