ஒரு பட்டப்படிப்பு பிறந்த கதை



பல்கலைக்கழகத்தில் புதிய பட்டப்படிப்பு தொடங்கப்பட்டதாக நாளேட்டில் ஒரு சிறு செய்தி வரும். படிக்கிறோம், மகிழ்கிறோம், அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடுகிறோம். அந்தச் சிறு செய்திக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான உழைப்பு இருக்கும். சில வேளைகளில் ஓர் இனத்தின் போராட்டமும் இருக்கும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெற்ற வரலாறு அத்தகையது. நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறும்கூட.

பல்கலைக்கழகத்தின் தோற்றம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், மலாயாவின் உயர்கல்வியை ஆராய 1947ஆம் ஆண்டில் கார் சாண்டர்சு ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைப்படி ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியும் இராபிள்சு கல்லூரியும் இணைந்தன. 1949ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் தோன்றியது.

மலாய், சீனம், தமிழ் பேசும் மக்கள் வாழும் நாட்டின் பல்கலைக்கழகம் அது. எனவே இம்மக்களின் மொழியும் பண்பாடும் அங்கு ஆய்வுக்குரிய துறைகளாக வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. மலாய், சீன ஆய்வுத் துறைகள் முதலில் அமைந்தன. இந்திய ஆய்வியல் துறை 1956ஆம் ஆண்டில்தான் பிறந்தது.

எந்த மொழிக்கு முதன்மை?

துறையின் பெயரில் 'இந்திய' என்ற சொல் இருந்தது. ஆனால், எந்த இந்திய மொழிக்கு முதலிடம் தருவது? தென்னிந்திய வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாத்திரியார் அளித்த பரிந்துரை வடமொழிக்கு முதன்மை தந்தது. பழைய இந்தியவியல் மரபில் ஊறிய அறிஞர்களுக்கு அது இயல்பாகத் தோன்றியிருக்கலாம். மலாயாவில் வாழ்ந்த இந்தியர்களில் பெரும்பாலோரோ தமிழர்கள். தோட்டப் பள்ளிகளிலும் நகரப் பள்ளிகளிலும் அவர்தம் பிள்ளைகள் கற்றது தமிழ். அப்பிள்ளைகளில் ஒருவர் பல்கலைக்கழகம் வரை உயர்ந்தால், அங்கே அவருடைய மொழிக்கு இரண்டாமிடமா?

இக்கேள்வியை ஓங்கி ஒலித்தவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. 1935ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய 'தமிழ் முரசு' இதற்குக் களமாயிற்று. அவர் கண்டனக் குரலோடு நின்றுவிடவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் சேர்வதற்காகப் பொதுமக்கள் தங்களால் இயன்றதை அளித்தனர். பல்கலைக்கழகப் படியேறும் வாய்ப்பே இல்லாதவர்களும் தங்களுக்குப் பின்வரும் பிள்ளைகளை எண்ணிக் கொடுத்தார்கள். இறுதியில் தமிழே அத்துறையின் முதன்மை மொழியாயிற்று.

கோலாலம்பூரில் வளர்ச்சி

1959ஆம் ஆண்டில் துறை கோலாலம்பூர் வளாகத்துக்கு மாறியது. 1962ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தபோது, துறை மலாயாவிலேயே நிலைத்தது. சிங்கப்பூரில் சிம் பல்கலைக்கழகம் 2006ஆம் ஆண்டில் தமிழ்மொழி, இலக்கியத்தில் இளங்கலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது.

1961ஆம் ஆண்டில் தனிநாயக அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றார். தமிழாய்வை உலக அரங்குக்கு எடுத்துச் சென்ற பெருமகனார் அவர். 1966ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. தோன்றிப் பத்தே ஆண்டான துறையைக் கொண்ட ஒரு பல்கலைக்கழகத்துக்கு உலகத் தமிழறிஞர்கள் வந்து கூடினார்கள் என்றால், அது எளிய செயலன்று.

இன்றைய நடைமுறை

இன்று ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கும் வழி வகுத்து எழுதப்பட்டுள்ளது. துறையினர் பாடத்திட்டத்தை வரைவர். புலமும் செனட் அவையும் அதனை ஆராய்ந்து ஏற்க வேண்டும். அரசுப் பல்கலைக்கழகமாயின் உயர்கல்வி அமைச்சின் ஒப்புதலும் வேண்டும். 2007ஆம் ஆண்டு நவம்பர் 1 முதல் செயல்படும் எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமை முதலில் தற்காலிக ஏற்பளிக்கும். முதல் அணி மாணவர்கள் இறுதியாண்டை எட்டும்போது முழு ஏற்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். தம் படிப்புகளுக்குத் தாமே ஏற்பளிக்கும் தகுதியைச் சில பல்கலைக்கழகங்கள் 2010ஆம் ஆண்டு முதல் பெற்றுள்ளன. மலாயாப் பல்கலைக்கழகமும் அவற்றுள் ஒன்று.

பாடத்திட்டம், மதிப்பீடு, மாணவர் சேர்க்கை, கல்வியாளர், கற்றல் வளம், நிருவாகம், தொடர் மேம்பாடு என்னும் ஏழு கூறுகளை முகமை ஆராய்கிறது. சற்று எண்ணிப் பாருங்கள். என்ன கற்பிப்பது, யார் கற்பிப்பது, நூல்கள் எங்கே, மாணவர் வருவார்களா? ஐம்பதுகளில் நம் முன்னோர் எதிர்கொண்ட கேள்விகளும் இவையே. அன்று படிவங்கள் இல்லை. அவர்கள் நாளிதழ் வழியாகவும் நிதி வழியாகவும் விடையளித்தார்கள்.

நமக்குரிய பாடம்

ஒப்புதல் கடிதம் ஒரு படிப்பைத் தொடங்கிவைக்கும். அதனை வாழவைப்பவர்கள் மாணவர்களே. இருக்கைகள் ஆண்டுதோறும் வெறுமையாகக் கிடந்தால், எவ்வளவு பெருமை வாய்ந்த துறையும் 'தேவை இருக்கிறதா' என்ற கேள்விக்கு விடை சொல்ல இயலாமல் நிற்கும். அன்று நாம் மொழிக்காகப் போராடி வென்ற இடத்தை, இன்று பிள்ளைகளை அனுப்பாமலேயே இழந்துவிடக் கூடும். அப்பொழுது குறை கூற வேறு எவரும் இருக்கமாட்டார்கள்.

ஆசிரியர்களே, எஸ்.பி.எம். தேர்வில் தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் எடுக்க மாணவர்களை ஊக்குவியுங்கள். எஸ்.டி.பி.எம். தேர்விலும் தமிழ் உண்டு என்பதை எடுத்துரையுங்கள். நாளைய பட்டப்படிப்பின் முதல் விண்ணப்பம் இன்றைய வகுப்பறையில்தான் எழுதப்படுகிறது.

பெற்றோர்களே, பிள்ளை எந்தப் படிப்பில் சேர்ந்தாலும், கட்டணம் செலுத்துமுன் அப்படிப்பு முழு ஏற்புப் பெற்றதா, தற்காலிக ஏற்பில் உள்ளதா என்பதை எம்.கியூ.ஏ. பதிவேட்டில் பாருங்கள். விளம்பரத் தாளை மட்டும் நம்பவேண்டா. பிள்ளை தமிழ் படிக்க விரும்பினால், "அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று உடனே தடுத்துவிடாதீர்கள். அந்த இருக்கைக்காக, முகம் அறியாத பலர் தங்கள் ஊதியத்திலிருந்து கொடுத்திருக்கிறார்கள்.