பலாலியிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

பலாலி விமான நிலையத்திலிருந்து இரத்மலானைக்கு வான்வழித் தூரம் சுமார் 330 கிலோ மீற்றர். சென்னைக்கு சுமார் 355 கிலோ மீற்றர். திருச்சிராப்பள்ளிக்கோ சுமார் 185 கிலோ மீற்றர் மட்டுமே. யாழ்ப்பாணத்தவருக்குக் கொழும்பை விடத் திருச்சியே கிட்ட. ஆனாலும் இந்தக் கிட்டம் எமது மக்களுக்குப் பல தசாப்தங்கள் பயன்படவில்லை.

எயார் சிலோன் நிறுவனம் 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி தனது முதலாவது சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கே நடத்தியது. அந்த டகோட்டா விமானம் தரித்துச் சென்றது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்ட பலாலி ஓடுபாதையில்தான்.

போர் அந்த வழியை மூடியது. யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்குச் செல்பவர் முதலில் 350 கிலோ மீற்றருக்கும் அதிகமாகத் தெற்கே கட்டுநாயக்கவுக்குப் பயணிக்க வேண்டியிருந்தது. அங்கிருந்து மீண்டும் வடக்கு நோக்கி 415 கிலோ மீற்றர் வரை பறக்க வேண்டும். தமிழகத்தில் அகதிகளாக இருந்த உறவுகளைப் பார்ப்பதற்கும், சிகிச்சைக்குச் செல்வதற்கும் இதுவே வழி.

பலாலி - இரத்மலானை உள்ளூர்ப் பயணத்திலும் வானில் செலவான நேரம் சிறிதுதான். பாதுகாப்பு அனுமதிக்கான காத்திருப்பும், படையினரின் சோதனைகளும், பேருந்துகளில் ஏற்றி இறக்கப்படுவதுமே பயணத்தை நீட்டின. 1998 செப்டெம்பர் 29 அன்று இவ்வழியே புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னாருக்கு வடக்கே கடலில் வீழ்ந்ததில் 55 பேரும் உயிரிழந்தனர். அதன் சிதைவுகள் 2012 இல்தான் இரணைதீவுக்கு அருகே கண்டெடுக்கப்பட்டன.

யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் பலாலி 2019 ஒக்டோபர் 17 இல் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னைச் சேவையைத் தொடங்கியது. கொரோனாவால் நின்ற அச்சேவை 2022 டிசெம்பரில் மீண்டது. இன்டிகோ 2024 செப்டெம்பரில் சென்னைக்கும், 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் பறக்கத் தொடங்கியது.

இவ்வழிகளில் வரும் ஏ.ரி.ஆர். 72 விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோ மீற்றர் வேகத்தில் பறக்கும். அந்தக் கணக்கில் திருச்சிக்கு அரை மணி நேரமே போதும் என்று தோன்றலாம். ஆனால் மேலெழும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. அத்துடன், பயணச்சீட்டில் காட்டப்படும் நேரம் விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மற்றைய தரிப்பிடத்தில் நிற்கும் வரைக்குமானது. எனவே திருச்சிக்கு சுமார் ஒரு மணி நேரம், சென்னைக்கு சுமார் ஒன்றேகால் மணி நேரம் என எடுத்துக்கொள்ளலாம். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் கடிகார நேரம் ஒன்றே என்பதால், சீட்டிலுள்ள இரு நேரங்களுக்கும் இடையிலான வித்தியாசமே பயண நேரம்.

இந்த ஓடுபாதையைச் சூழவுள்ள வலிகாமம் வடக்கு மக்கள் 1990 இல் இடம்பெயர்ந்தவர்கள். போருக்குப் பின் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டாலும், முழுவதும் விடுவிக்கப்படவில்லை. திருச்சியிலிருந்து ஒரு மணி நேரத்தில் பலாலியில் வந்திறங்கும் ஒருவரால், ஓடுபாதைக்கு அருகிலுள்ள தனது சொந்தக் காணிக்குள் கால்வைக்க முடியாத நிலை இன்னமும் உண்டு.