தகர வில்லையிலிருந்து இலக்க முகவரி வரை: ஊவாத் தோட்டங்களின் தொடர்பு வரலாறும் வலையமைப்பு நிர்வாகக் கல்வியும்

ஊவா மாகாணத்தின் வரலாறு பெரும்பாலும் கோப்பியையும் தேயிலையையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. விளைந்த பொருளை அளந்து எழுதிய அவ்வரலாறு, ஆட்களும் கடிதங்களும் செய்திகளும் எவ்வழியே சென்றன, அவ்வழிகளை ஆண்டவர் யாவர் என்ற வினாக்களை அரிதாகவே எழுப்பியது. இன்று பதுளை மாவட்டத்து மாணவர் கணினி வலையமைப்பு நிர்வாகத்தின் அடிப்படைகளைக் கற்கின்றனர். முகவரி, வழி, வாயில், ஏற்பு என்னும் நான்கு கருத்துக்களை அக்கல்வியின் தூண்கள் எனலாம். கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இந்நான்கும் இம்மாகாணத்தின் மலைகளில் வேறு உருவங்களில் நிலவின. அவ்வுருவங்களை நினைவுகூர்வதன் வாயிலாக இப்புதிய கல்வியின் பொருளைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முகவரி

தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குத் தொழிலாளரைக் கொண்டுவருவதில் 1901ஆம் ஆண்டளவில் ஒரு புதிய முறை புகுத்தப்பட்டது. 'டின் டிக்கட்' என வழங்கிய சிறு தகர வில்லையொன்று, புறப்படும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்டது. சேர வேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. கழுத்தில் அதனை அணிந்து வந்தவரின் பெயரையோ ஊரையோ வழியிலிருந்த உத்தியோகத்தர் அறிந்திருக்க வேண்டியதில்லை. இலக்கத்தைப் பார்த்து அடுத்த இடத்துக்கு அனுப்பிவிடுவதே அவர்தம் வேலை. பயணச் செலவும் அவ்விலக்கத்துக்குரிய தோட்டத்தின் கணக்கிலேயே பதியப்பட்டது.

மனிதரைப் பொதிகளாக்கிய இம்முறை இரங்கத்தக்கது. ஆயினும் முகவரி என்பதன் தொழிற்பாட்டை இதனிலும் தெளிவாக விளக்கும் சான்று கிடைப்பது அரிது. கணினி வலையமைப்பில் ஒரு செய்தி சிறுசிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் சேருமிடத்தின் ஐ.பி. முகவரி எழுதப்படுகிறது. இடையிலுள்ள வழிப்படுத்திகள் பொதியின் உள்ளடக்கத்தை ஆராயாது, முகவரியை மட்டும் நோக்கி அடுத்த கட்டத்துக்கு அனுப்புகின்றன. ஆனால் ஒரு வேறுபாடு ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தகர வில்லை சேர வேண்டிய தோட்டத்தையே குறித்தது, ஐ.பி. பொதியிலோ அனுப்பியவரின் முகவரியும் உண்டு. மறுமொழி திரும்பி வருவதற்கு அது இன்றியமையாதது. திரும்பும் வழி உடையதே தொடர்பாகும். அஃதில்லாதது வெறும் ஏற்றுமதி.

1981இல் வரையறுக்கப்பட்ட ஐ.பி. நான்காம் பதிப்பில் ஒரு முகவரி 32 இரும இலக்கங்களாலானது. ஆதலால் 4,294,967,296 முகவரிகளே அமைய முடியும். அவற்றின் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தது. அப்பற்றாக்குறையை முன்னுணர்ந்தே 128 இரும இலக்கங்கள் கொண்ட ஆறாம் பதிப்பு வகுக்கப்பட்டிருந்தது.

வழி

1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியில் கோப்பிச் செடிகளின் இலைகளில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் காணப்பட்டன. இலங்கையின் கோப்பித் தொழிலை அழித்த நோய் முதன்முதலில் அறியப்பட்டது ஊவாவிலேயே. அதன்பின் தேயிலை பரவியது. 1886இல் ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். புகையிரதப் பாதை 1867இல் கண்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பண்டாரவளையிலிருந்து பதுளையை எட்டுவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924இலேயே பதுளைக்குப் பாதை திறக்கப்பட்டது. தெமோதரையில் பாதை வளைந்து சுழன்று தனக்குக் கீழேயே சுரங்கத்தினூடு செல்வது, மலையின் இறக்கத்தைச் சமாளிக்கக் கண்ட உத்தியாகும்.

இம்மலைப் பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிராக இரு வண்டிகள் ஒரே பகுதியில் நுழைந்தால் பேரழிவு நேரும். அதனைத் தடுப்பதற்கு எட்வேட் டயர் என்னும் ஆங்கிலேயர் 1878இல் வகுத்த 'டப்லட்' முறை இப்பாதையில் நெடுங்காலம் கைக்கொள்ளப்பட்டது. இரு நிலையங்களுக்கிடையிலான பகுதிக்குரிய உலோக வில்லையைக் கையிற் பெறாத சாரதி அப்பகுதியில் நுழைதல் கூடாது. இரு நிலையங்களிலுமுள்ள கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருந்தமையால், ஒரு வில்லை வெளியே இருக்கும்வரை மற்றொன்று வெளிவராது.

ஒரே கம்பியைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ள நேர்ந்தபோது பொறியியலாளர் இதே சிக்கலை எதிர்கொண்டனர். 1980களில் பரவிய 'டோக்கன் ரிங்' முறை, வில்லையைப் பெற்ற கணினியே பேசலாம் என விதித்தது. 1973இல் தோன்றிய 'ஈதர்நெட்' வேறு வழியை நாடியது. கம்பி அமைதியாக உள்ளதா எனக் கேட்டுப் பேசு; இருவர் பேச்சு மோதினால் நிறுத்தி, சிறிது பொறுத்து மீண்டும் பேசு என்பது அதன் விதி. பிற்காலத்தில் ஆளிகள் வந்து ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பாதை அளித்தமையால் அம்மோதலும் பெரும்பாலும் ஒழிந்தது. தெமோதரைச் சாரதியின் கைவில்லையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இவ்விதிகள் அந்நியமானவையல்ல.

ஒற்றைப் பாதை கற்பிக்கும் மற்றொரு பாடமும் உண்டு. மண் சரிந்து பாதை மூடப்பட்டால் மாற்று வழி இல்லை. 1969இல் தொடங்கிய 'ஆர்ப்பாநெட்' வலையமைப்பு, ஒரு வழி அறுந்தால் பொதிகள் மறு வழியே செல்லத்தக்கதாக அமைந்தது. நிர்வாகம் கற்பவர் வரைபடத்தை விரித்ததும் கேட்க வேண்டிய முதல் வினா, எந்த ஒரு கம்பி அறுந்தால் யாவரும் துண்டிக்கப்படுவர் என்பதேயாம்.

வாயில்

தோட்டத்துக்கு வந்த கடிதங்கள் தொழிலாளியின் வீட்டு வாசலுக்கு வரவில்லை. தபாற்கட்டு தோட்டக் கந்தோருக்கே வந்தது. அங்கு பிரிக்கப்பட்டு, கங்காணி வழியாகவோ பிறர் வழியாகவோ லயத்தை அடைந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு வெளியுலகில் இருந்த முகவரி ஒன்றே: அது தோட்டத்தின் பெயர். உட்புறத்தில் லயத்துக்கும் அறைக்கும் இலக்கமிருந்தாலும் அவ்விலக்கம் தபாற் கந்தோருக்குரிய முகவரியாக அமையவில்லை.

வலையமைப்பு மொழியில் தோட்டக் கந்தோரை வாயில் எனலாம். வீடுகளிலும் பாடசாலைகளிலும் உள்ள கணினிகள் பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும் தனியார் முகவரிகளைக் கொண்டவை. அவை உள்ளே மட்டுமே செல்லுபடியாகும். வெளியே செல்லும்போது வாயிலிலுள்ள வழிப்படுத்தி தனது பொது முகவரியை இட்டு அனுப்புகிறது. மறுமொழி வந்ததும் உள்ளே கேட்டவருக்கு ஒப்படைக்கிறது. அதற்கென ஒரு பதிவட்டவணையை அது பேணுகிறது. அவ்வட்டவணை சரியாக இருக்கும்வரை யாவும் செம்மையாக நடைபெறும். ஆயினும் உள்ளேயுள்ளவரை வெளியுலகு நேரே அழைக்க முடியாது என்பது இவ்வமைப்பின் இயல்பாகும்.

தோட்டப்புறங்களில் இந்நிலை விளைத்த இடர்கள் சிறியனவல்ல. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேர்வு நாள் கழிந்தபின் கைக்குக் கிடைத்தது என்ற முறைப்பாடு பலகாலம் கேட்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராக வகுத்தது. அக்காலத்தில் விண்ணப்பமும் விசாரணை அழைப்பும் கடிதங்களாகவே நடமாடின. ஒரு கடிதத்தின் தாமதம் ஒரு குடும்பத்தின் நாட்டையே மாற்றக்கூடியதாக இருந்தது.

வாயிலுக்கு வழிவிடும் அதிகாரம் மட்டுமன்றி மறிக்கும் அதிகாரமும் உண்டு. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல விரும்பிய தொழிலாளி 'துண்டு' பெற வேண்டியிருந்தது. அவர் பட்ட கடனைத் தீர்த்தால் விடுவிக்கச் சம்மதம் என அத்தாள் கூறியது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்றைய நிர்வாகி எழுதும் அனுமதி விதிகளும் யார் நுழையலாம், யார் வெளியேறலாம் எனத் தீர்மானிப்பவையே. விதி எழுதும் கை எவருடையது என்பதை வரலாறு அறிந்த மாணவர் மறவார்.

ஏற்பு

1974இல் விண்ட் செர்ஃபும் றொபேட் கானும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த டி.சி.பி. நெறிமுறை ஓர் எளிய ஒழுங்கை உடையது. அனுப்பப்பட்டதற்குக் கிடைத்தது என்ற மறுமொழி வரவேண்டும். குறித்த காலத்துள் வராவிடில் மீண்டும் அனுப்பப்பட வேண்டும். அனுப்பிவிட்டேன் என்பதோடு அனுப்புநரின் கடமை முடிவதில்லை.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலர் மண்ணுக்குள் மாண்டனர். அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தமை பின்னர் அரச தரப்பினராலேயே கூறப்பட்டது. எச்சரிக்கை எழுதப்பட்டது, அனுப்பவும்பட்டது. ஆனால் லயத்தில் உறங்கிய குடும்பம் அதனைப் பெற்று, விளங்கி, செல்வதற்கு மாற்றிடமும் பெற்றதா என உறுதிப்படுத்தும் ஏற்பு எங்கும் இருக்கவில்லை. நெறிமுறை என்பது பொறியியலாளரின் வரட்டு விதி என்று கருதுவோர்க்கு மீரியபெத்தையின் மண்மேடே தக்க விடையாகும்.

கல்வி

இலங்கையில் தந்திக் கம்பி 1858இல் கொழும்பையும் காலியையும் இணைத்தது. கணினி வலையமைப்போ பல்கலைக்கழகங்களிலிருந்து வளர்ந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று அமைத்த 'லேர்ன்' என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பே நாட்டின் இணையத்துக்கு வித்தாகியது. 2014இல் அவர் பெயர் இணையப் பெருமக்கள் வரிசையில் சேர்க்கப்பட்டது. 1990இல் நாட்டுக்குரிய 'எல்.கே.' ஆள்களப் பெயர் பதிவானது. 1995இல் வணிக இணையச் சேவை தொடங்கியது. 2010இல் 'இலங்கை' என்னும் சொல் தமிழெழுத்திலேயே ஆள்களப் பெயராக உலக வேரேட்டிற் சேர்க்கப்பட்டது. இலக்கத்தை நினைவில் வைக்க இயலாத மனிதருக்காகப் பெயரை இலக்கமாக மாற்றித்தரும் அம்முறைமையில் தமிழும் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது.

பதுளையில் 2005இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. கிராமப்புறங்களில் 'நெனசல' அறிவகங்கள் அமைந்தன. அத்திட்டம் 2014இல் கேற்ஸ் நிறுவனத்தின் சர்வதேச விருதைப் பெற்றது. க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலும் வலையமைப்பு ஓர் அலகாயிற்று. எனினும் 2020இல் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அலை கிடைக்கும் இடந்தேடி மாணவர் பாறைகளிலும் மரங்களிலும் ஏறினர். வானொலி அலை மலையை ஊடுருவாது; மடுவிலுள்ள லயத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே ஒரு முகடு நின்றால் இணைப்பு அறும்.

இக்கல்வியைத் தொடங்குவோர்க்கு ஒரு சிறு கணக்கு உதவும். தோட்டப் பாடசாலையொன்றின் ஆய்வுகூடத்தில் 30 கணினிகள் உள்ளன எனக் கொள்வோம். கணினிகளைக் குறிக்க 5 இரும இலக்கங்களை ஒதுக்கினால் 32 முகவரிகள் கிடைக்கும். முதலாவது வலையமைப்பையே குறிக்கும். இறுதியானது யாவர்க்கும் பொதுவான அறிவித்தலுக்குரியது. எஞ்சியவை 30. கணக்கு நேரானதாகத் தோன்றும். ஆனால் வாயிலாகிய வழிப்படுத்திக்கும் ஒரு முகவரி வேண்டும். அதனைக் கருதாதவர் கடைசி மாணவியின் கணினியை இணைப்பின்றி விட்டுவிடுவர். 6 இரும இலக்கங்களை ஒதுக்கின் வாயில் நீங்கலாக 61 கணினிகள் வரை இடமுண்டு. கணக்கிற் சிறிய இப்பிழை கடைசி வரிசையில் இருப்பவருக்குப் பெரியதாகும்.

பழுது காணும் ஒழுங்கும் அவ்வாறே படிப்படியானது. முதலிற் கம்பி பொருந்தியுள்ளதா என நோக்க வேண்டும். அடுத்து முகவரி சரியா, பின்னர் வாயில் மறுமொழி தருகிறதா, அதன்பின் வெளியே வழியுள்ளதா, இறுதியிற் பெயர் இலக்கமாக மாறுகிறதா எனச் சோதிக்க வேண்டும். வாயிலையும் வெளியையும் சோதிக்க 1983இல் எழுதப்பட்ட 'பிங்' என்னும் சிறு நிரலே போதுமானது. அது கேட்பதெல்லாம் இருக்கிறாயா என்பதே. கண்டதையும் செய்ததையும் புகையிரத நிலைய அதிபரின் பதிவேடுபோல் நாள், நேரத்தோடு எழுதிவைத்தல் நிர்வாகியின் ஒழுக்கமாகும்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் ஊவாத் தோட்டங்களுக்கு வந்தோர் பிறர் பொறித்த இலக்கத்தைக் கழுத்தில் அணிந்து வந்தனர். முகவரியை வகுப்பதும், வழியை அமைப்பதும், வாயிலை ஆள்வதும் அவர்கள் கையில் இருக்கவில்லை. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று கற்கும் கல்வி அவற்றையே தொழிலாகக் கொண்டது. அதனை உழைப்புச் சந்தைக்குரிய ஒரு தகைமையாக மட்டும் கருதுதல் குறைபாடான நோக்காகும். ஒவ்வொருவருக்கும் தனி முகவரி, ஒரு வழி அறுந்தால் மறு வழி, நடுநிலை தவறாத வாயில், கிடைத்ததா என்று கேட்டறியும் பொறுப்பு ஆகியவற்றைத் தம் மக்களுக்கு ஏற்படுத்தித் தருவதே அக்கல்வியின் பயனாதல் வேண்டும்.