வதியாதோரின் நிறுத்திவைத்தல் வரி: பருத்தித்துறை

நாட்டில் வதியாத ஒருவருக்கு வட்டியோ வாடகையோ கொடுக்கும்போது, கொடுப்பவரே அதில் வரியைக் கழித்து அரசுக்குக் கட்டிவிட்டு மீதியை மட்டும் கொடுப்பது நிறுத்திவைத்தல் வரி எனப்படும். இலங்கையில் 2018 ஏப்ரல் 1 முதல் இது 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி அறவிடப்படுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள பருத்தித்துறையில் இதனால் தொடப்படாத குடும்பங்கள் குறைவு. 1983 இனக்கலவரத்துக்குப் பின்னும், 1987 இல் பருத்தித்துறை அமைந்த வடமராட்சியில் நடந்த இராணுவ நடவடிக்கைக்குப் பின்னும் கனடா, பிரித்தானியா, சுவிற்சர்லாந்து, நோர்வே என்று போனவர்களின் வீடும் வளவும் ஊரில் இருக்கின்றன. வங்கிகளில் நிலையான வைப்பும் இருக்கிறது. கடல் கடந்த உழைப்பும் ஊரில் சொத்துமாக வாழ்வது யாழ்ப்பாணத்துக்குப் பழக்கமானதுதான். இலங்கையில் வருமான வரி அறிமுகமான 1932 ஆம் ஆண்டிலேயே மலாயாவில் உழைத்துத் திரும்பிய பென்சன்காரர்கள் குடாநாட்டில் இருந்தார்கள்.

வட்டி

வங்கி வைப்புகளின் வட்டியில் 5 வீதமாக இருந்த கழிவு 2025 ஏப்ரல் 1 முதல் 10 வீதமானது. வங்கி ஒரு மாதத்தில் கழித்த தொகையை அம்மாத முடிவிலிருந்து 15 நாட்களுக்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்த வேண்டும். கழித்ததற்குச் சான்றிதழும் தர வேண்டும். இலங்கையில் நிரந்தர வணிகத் தாபனம் இல்லாத வதியாதவருக்கு இந்தக் கழிவே இறுதி வரி. அதற்கு மேல் அந்த வட்டிக்காக இங்கே கட்ட வேண்டியதில்லை, திரும்பப் பெறவும் வழியில்லை. வதிபவருக்கோ அது முற்பணம் மட்டுமே. ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது அவருடைய மொத்த வரியில் அது கழிக்கப்படும். ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாத வதிபவர், வங்கியில் பிரகடனம் கொடுத்துக் கழிவையே தவிர்த்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் அனுப்பும் காசைத் தாயின் பெயரில் வைப்பிலிடுவது ஊரில் வழக்கம். காசும் வட்டியும் தாயுடையவை என்றால், கழித்த வரியும் தாயுடையதே. ரொறன்ரோவில் இருக்கும் மகன் அந்தச் சான்றிதழைத் தன் வருமான வரி விபரத்திரட்டில் காட்டி வரி வரவு கேட்க முடியாது.

வாடகை

வாடகையில் சிக்கல் கூடுதல். இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியாமல் கணக்குப் போட முடியாது: வீட்டில் யார் இருக்கிறார்கள், உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது.

வியாபாரம் நடத்தாத தனியாள் கொடுக்கும் வாடகையில் கழிக்கும் கடமை இல்லை. வங்கி, கம்பனி போன்ற நிறுவனம் வாடகைக்கு இருந்தால், வதியாத வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் வாடகையில் 14 வீதம் கழிக்க வேண்டும். மாதம் 60,000 ரூபா வாடகை வரும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7,20,000 ரூபா. குடியிருப்பது நிறுவனம் என்றால் 1,00,800 ரூபா முதலிலேயே போய்விடும், அதுவே இறுதி. குடியிருப்பது ஒரு குடும்பம் என்றால் எதுவும் கழிக்கப்படாது. வீட்டுக்காரர் தாமே கணக்குக் காட்ட வேண்டும். அப்போது அவருடைய குடியுரிமை முன்னுக்கு வருகிறது. 2025 ஏப்ரல் முதல் 18 இலட்சம் ரூபாவாக உள்ள தனிநபர் நிவாரணம் வதிபவர்களுக்கும், வதியாவிட்டாலும் இலங்கைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும்தான் கிடைக்கும். வெளிநாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றவர் இலங்கைக் குடியுரிமையை இழப்பதால், இரட்டைக் குடியுரிமை எடுக்காத கனடியருக்கு இந்த நிவாரணம் இல்லை. முதல் 10 இலட்சத்துக்கான 6 வீதத்தில், செலவுகளைக் கழிக்காமல் பார்த்தால், அவர் கட்ட வேண்டியது 43,200 ரூபா. இரட்டைக் குடியுரிமை எடுத்த அவருடைய தங்கைக்கு, வேறு வருமானம் இல்லாவிட்டால், அதே வாடகைக்கு வரியே இல்லை. ஒரே வளவில் நிற்கும் ஒரே அளவான இரண்டு வீடுகளுக்கு, குடியிருப்பவரையும் கடவுச்சீட்டையும் பொறுத்து இவ்வளவு வேறுபாடு இருப்பது நியாயமில்லை. நிறுவனத்துக்கு வாடகைக்குக் கொடுத்த வதியாதவர் செலவுக் கணக்கைக் காட்டி உண்மையான வருமானத்துக்கு வரி கட்டும் வழியைச் சட்டம் திறந்துவிட வேண்டும்.

உறுதியின் பெயருக்கு இங்கே தனிக் கனம் உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படுவது. வாடகை கணவரின் கணக்குக்குப் போனாலும், ஊரில் அற்றோணித் தத்துவம் பெற்ற தம்பி வாங்கி வைத்தாலும், வருமானம் உறுதிக்காரியுடையது. வரி செலுத்துவோர் அடையாள இலக்கமும் சான்றிதழும் அவருடைய பெயரில் இருக்க வேண்டும். மார்ச் 31 இல் முடியும் மதிப்பீட்டு ஆண்டுக்கான விபரத்திரட்டை நவம்பர் 30 க்குள் கொடுக்க வேண்டும். குடாநாட்டுக்கான அலுவலகம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது.

வதியும் நாட்டின் விபரத்திரட்டில்

கனடாவும் பிரித்தானியாவும் தம்மிடம் வதிபவர்களின் உலக வருமானத்துக்கு வரி விதிக்கின்றன. இலங்கையில் கட்டிய வரிக்கு வரவு கொடுத்து இரட்டை வரியைத் தவிர்க்கின்றன. இலங்கையுடன் பிரித்தானியா 1979 இலும் கனடா 1982 இலும் இரட்டை வரி உடன்படிக்கை செய்துகொண்டன. வட்டிக்கு அவை வைத்த உச்ச வீதங்கள் முறையே 10, 15. ஆகவே இன்றைய 10 வீதக் கழிவு இரண்டுக்கும் உட்பட்டதுதான்.

விபரத்திரட்டில் கைக்கு வந்த தொகையைக் காட்டுவதே பெரும்பாலோர் விடும் பிழை. 4,00,000 ரூபா வட்டியில் 40,000 கழிந்து 3,60,000 வந்தாலும், வருமானமாகக் காட்ட வேண்டியது 4,00,000 ரூபாவையே, உரிய நாணயமாற்று வீதத்தில் டொலராக்கி. கழிந்த 40,000 தனியே வெளிநாட்டு வரி வரவாக, கனடாவின் படிவத்தில் 40500 ஆம் இலக்க வரிசையில் வரும். அதே வட்டிக்குக் கனடாவில் வரும் வரி குறைவென்றால் அந்தளவுக்கே வரவு கிடைக்கும். ஆண்டுக் கணக்கும் ஒத்துவராது. இலங்கையின் ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, கனடாவினது ஜனவரியில், பிரித்தானியாவினது ஏப்ரல் 6 இல். வங்கியிடம் மாதவாரியான விபரமும் கேட்டு வாங்கினால்தான் சான்றிதழைச் சரியான ஆண்டுகளுக்குப் பிரிக்க முடியும்.

கழித்த தொகை வேறு, வரி வேறு என்பதை அமெரிக்க மாநிலங்களுக்கிடையிலான நடைமுறை தெளிவாகக் காட்டும். நியூ ஜேர்சியில் வதிபவருக்குக் கலிபோர்னியாவில் உள்ள வீட்டு வாடகை வரும்போது அங்கே 7 வீதம் கழிக்கப்படலாம். அவர் கலிபோர்னியாவில் வதியாதவருக்கான விபரத்திரட்டைக் கொடுத்து, செலவுகளைக் கழித்து, கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பப் பெறுவார். நியூ ஜேர்சி வரவு கொடுப்பது அந்த இறுதி வரிக்கு, பிடித்த தொகைக்கு அல்ல. கனடாவும் அப்படியே: திரும்பப் பெறக்கூடிய தொகை வெளிநாட்டு வரியாக ஏற்கப்படாது.

திரும்பி வருவோர்

ஓய்வுபெற்று ஊருக்கு வருவோருக்கு நிலைமை தலைகீழாகிறது. இலண்டன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வருபவர் பிரித்தானியாவில் வதியாத வீட்டுக்காரர் ஆகிறார். முகவர் இருந்தால் அவரும், இல்லாதவிடத்து வாரம் 100 பவுணுக்கு மேல் வாடகை கொடுக்கும் குடியிருப்பாளரும் 20 வீதம் கழிக்க வேண்டும். அங்குள்ள வரித் திணைக்களத்திடம் முன்கூட்டியே விண்ணப்பித்து முழு வாடகையையும் பெறலாம். ரொறன்ரோ வீட்டுக்கு அந்தக் கழிவு மொத்த வாடகையில் 25 வீதம். செலவு போக மிஞ்சியதற்கு மட்டும் வரி கட்டுவதாகத் தெரிவித்துத் தனி விபரத்திரட்டும் கொடுக்கலாம். இலங்கையில் 183 நாள் தங்கியவர் வதிபவராகிவிடுவார். அப்போது இறுதி வரியாக இருந்த வங்கிக் கழிவும் முற்பணமாகிவிடும். ஆகவே வந்தவுடன் வங்கிப் பதிவில் தம் வதிவு நிலையை மாற்றுவிப்பது அவசியம்.