பெரிய எழுத்துகளில் ஒரு வாழ்த்து



திருவருகைக் காலம் வந்துவிட்டது. உங்கள் இல்லங்களில் பிள்ளைகள் தரையில் தாள்களைப் பரப்பி, பசையும் வண்ணப் பென்சில்களுமாக அமர்ந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை செய்யும் நாள்கள் இவை. கைப்பேசியில் ஒரு நொடியில் நூறு பேருக்கு வாழ்த்து அனுப்ப முடிகிற காலத்தில் இந்த உழைப்பு எதற்கு என்று நீங்கள் எண்ணக்கூடும். சென்ற ஆண்டு நானும் ஒரே படத்தைச் சபையார் அனைவருக்கும் அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்தவன்தான். ஆகையால் இவ்வாரம் இந்த அட்டையின் வரலாற்றை உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

அச்சிட்ட அட்டைகள் கடைக்கு வருவதற்கு முன்பே பிள்ளைகளின் கை இந்தப் பணியில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஓரங்களில் வேதாகமக் காட்சிகள் அச்சிடப்பட்ட பெரிய தாள்கள் விற்கப்பட்டன. நடுவில் வெற்றிடம் இருக்கும். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பள்ளிப் பிள்ளைகள் அந்த வெற்றிடத்தில் தங்கள் மிகச் சிறந்த கையெழுத்தில் எழுதி, பெற்றோரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். சிறு விரல்கள் பல நாள் பழகிய உழைப்பே அந்த வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் காணிக்கையாயிற்று.

1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி அஞ்சல் முறை வந்தது. நாட்டின் எம்மூலைக்கும் ஒரே பென்னியில் கடிதம் சென்றது. அந்தச் சீர்திருத்தத்திற்காகப் பாடுபட்டவர்களுள் ஹென்றி கோல் என்பவரும் ஒருவர். 1843-இல் அவர், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஓர் அட்டையை வரையச் செய்தார். ஏறத்தாழ ஆயிரம் படிகள் அச்சாகி, கையால் வண்ணம் தீட்டப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு ஷில்லிங்குக்கு விற்கப்பட்டன. வணிக முறையில் வெளிவந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை இதுவே என்பர்.

அந்த அட்டையில் மூன்று படங்கள் உண்டு. நடுவில் ஒரு குடும்பம் விருந்தில் மகிழ்ந்து, அட்டையைப் பெறுகிறவருக்காகக் கிண்ணம் உயர்த்துகிறது. சிறு குழந்தை ஒன்றும் திராட்சரசம் பருகுவதாக வரைந்திருந்ததால், மது ஒழிப்பை நாடியவர்களிடமிருந்து கண்டனம் எழுந்தது. ஆனால் இரு ஓரங்களிலும் இருப்பவற்றைச் சற்றுக் கவனியுங்கள். ஒரு புறம் பசித்தோருக்கு உணவு அளிக்கப்படுகிறது. மறு புறம் ஆடையற்றோருக்கு ஆடை அளிக்கப்படுகிறது. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர், மிகவும் சிறியவருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக எண்ணுவேன் என்றாரல்லவா? விருந்து நடுவில் இருந்தாலும், இரக்கம் அதன் இரு புறமும் நிற்க வேண்டும் என்பதை முதல் அட்டையே சொல்லிவிட்டது.

1870-இல் அஞ்சலட்டைக்கு அரைப் பென்னிக் கட்டணம் வந்தது; அச்சுத் தொழிலும் வளர்ந்தது. வாழ்த்து மலிவாயிற்று. கூடவே, அனுப்புகிறவரின் கை வாழ்த்திலிருந்து மெல்ல மறைந்தது. எழுதுவதற்கு இருந்த இடம் கையொப்பமிடும் இடமாகச் சுருங்கியது.

ஆனால் மறைந்த அந்தக் கை மீண்டும் ஒரு குழந்தையிடமிருந்தே வந்தது. இரண்டாம் உலகப் போரால் சிதைந்த செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு கிராமத்துக்கு யுனிசெஃப் நிறுவனம் உதவி செய்தது. அவ்வூரைச் சேர்ந்த யிட்கா சாம்கோவா என்னும் ஏழு வயதுச் சிறுமி, நன்றி சொல்ல ஒரு படம் வரைந்தாள். தாள் கிடைக்கவில்லை, ஆகையால் கண்ணாடித் துண்டின் மேல் தீட்டினாள். ஒரு கம்பத்தைச் சுற்றிப் பிள்ளைகள் ஆடி மகிழும் காட்சி அது. 1949-இல் அப்படமே யுனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டையாயிற்று. பின்னாளில் அந்நிறுவனத்தின் அட்டைகள் விற்ற பணம் எத்தனையோ நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாலும் மருந்துமாகச் சென்றது. நன்றியுள்ள இதயத்துக்குத் தாள் இல்லாமையும் தடையாகவில்லை.

பிரியமானவர்களே, அப்போஸ்தலனாகிய பவுல் தம் நிருபங்களைப் பிறரைக்கொண்டு எழுதுவித்ததுண்டு. ஆயினும் முடிவில் வாழ்த்துதலைத் தம் கையாலேயே எழுதுவார். அதுவே தம் நிருபத்தின் அடையாளம் என்கிறார் (2 தெசலோனிக்கேயர் 3:17). கலாத்தியருக்கு எழுதும்போது, எவ்வளவு பெரிய எழுத்துகளில் எழுதியிருக்கிறேன் பாருங்கள் என்று சுட்டிக்காட்டுகிறார் (6:11). குழந்தைகளின் அட்டையில் தாளைவிட்டு வெளியே ஓடுகிற அந்தப் பெரிய எழுத்துகளைக் காணும்போதெல்லாம் எனக்கு இவ்வசனம் நினைவுக்கு வருகிறது.

இவ்வாரம் உங்கள் பிள்ளைகளோடு அமருங்கள். எந்த வண்ணம் என்று கேட்பதற்கு முன், யாருக்கு என்று கேளுங்கள். இவ்வாண்டு துணையை இழந்தவர், ஆலயத்துக்கு வர இயலாமல் படுக்கையில் இருப்பவர், பண்டிகையன்றும் வாசலில் காவல் இருப்பவர் ஆகியோரின் பெயர்களைப் பிள்ளைகளே சொல்லட்டும். பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டு வரையட்டும். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தி வேறு தாளில் எழுதச் சொல்லாதீர்கள். அந்தப் பிழையிலும் அந்தக் குழந்தை இருக்கிறது. முடிந்தால் பிள்ளையின் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்கச் செய்யுங்கள். போகும்போது வெறுங்கையாய்ப் போகாமல் சிறிது உணவும் எடுத்துச் செல்லுங்கள். அட்டையின் இரு ஓரப் படங்களும் அப்போது நம் தெருவில் உயிர்பெறும்.

தேவன் நமக்கு ஒரு செய்தியை மட்டும் அனுப்பிவிடவில்லை. தம் குமாரனையே அனுப்பினார். அவரைப் பெற்ற நாம், நம்மில் சிறிதளவாவது சேராத வாழ்த்தை எப்படி அனுப்புவோம்?

ஜெபம்: அன்பின் பிதாவே, எங்கள் பிள்ளைகளின் சிறு கைகளை ஆசீர்வதியும். நாங்கள் மறந்துபோனவர்களை அவர்கள் மூலமாய் எங்களுக்கு நினைப்பூட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.